எழுபத்தோராம் காட்சி

மீன் ஏற்றுகிற லொறிதான்.
விடியப்புறம் நாலு மணிக்குக் குருநகரில் ஐஸ் போட்டால்
மத்தியானம் தம்புள்ளையைத் தாண்டிவிடும்.
மூன்று நாளுக்கு வாடகை கேட்டார்கள், படம் எடுக்க.
கழுவித் தாறன் என்றேன்.
வேண்டாம் அண்ணை, மணம் கிடக்கட்டும்,
யதார்த்தமா வேணும் என்றான் வாகீசன்.
டைரக்டர். வயது இருபத்தெட்டு.
கட்டுநாயக்காவுக்கு அங்கால் ஒரு நாடும் காணாதவன்.
மணம் கமராவில் விழுமோ என்று நான் கேட்கவில்லை.

பத்தொன்பது பெடியள் பெட்டையளை
உள்ளே அடுக்கினான்.
கதைப்படி அது பெலாருஸ்.
வெளியே நாவற்குழி வெயில்.
கதவைச் சாத்தியதும் ஆளுக்காள் சிரிப்பு,
ஒருத்தி ஐஸ்கிறீம் கேட்டாள்.
கட், கட்.
அண்ணை, நீங்கள் போனனீங்கள்தானே,
உள்ளுக்க இருந்து என்ன செய்வீங்கள், சொல்லுங்கோ.

எண்ணுவம் என்றேன்.
என்னத்தை?
மூச்சை. இருட்டுக்குள்ள பதினாலு கேட்டுது.
பிறகு பதின்மூண்டு.

எழுதிக்கொண்டான்.
வலது காலில் இல்லாத இரண்டு விரலையும்
ஒரு குளோசப் கேட்டான்.
அதைக் குடுக்கவில்லை. மூன்று நாளும்
சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன்.

பனிக்கு ஆனையிறவு.
பஞ்சு போட்டால் பொய் தெரியும் என்று
இரவு இரண்டு மணிக்கு உப்புக் குவியலுக்கு நடுவில்
லைற் பிடித்தார்கள்.
எழுபத்தோராம் காட்சி:
காட்டில் ஒருவன் விழுகிறான், மற்றவர்கள் நடக்கிறார்கள்.
விழுகிறவன் றொக்சன், பாசையூர்.
நாலு தரம் விழுந்தான், நாலும் சரிவரவில்லை.
ஐந்தாம் தரம்
கட் சொன்ன பிறகும் எழும்ப மறந்து கிடந்தான்.
எல்லோரும் கை தட்டினார்கள்.

தேத்தண்ணி நேரம் என் பக்கத்தில் வந்து குந்தினான்.
அண்ணை, இப்ப எவ்வளவு போகுது?
எது?
அதுதான். ஏஜென்ற்.
நீ நடிக்கத்தானே வந்தனீ.
ஓம் என்றான்.
கோப்பைக்குள் ஒரு கல் உப்பு விழுந்திருந்தது,
விரலால் எடுத்துச் சுண்டினான்.

நம்பர் என்னிடம் இருந்தது. குடுக்கவில்லை.
சப்பாத்து மட்டும்
ஒரு அளவு பெருசா வாங்கவேணும் என்று சொன்னேன்,
இரண்டு சொக்ஸ் போடலாம்.
அவ்வளவுதான் சொன்னேன்.

படம் முடிய எட்டு மாதம்.
வாடகை மண்டபம், பிளாஸ்ரிக் கதிரை, ஃபான் சத்தம்.
நடித்தவர்களில் பதினாறு பேர் வந்தார்கள்.
ஒருத்திக்குச் சோதினை. ஒருவனுக்குக் காய்ச்சல்.
றொக்சன் கடைசியாய்க் கதைத்தது மின்ஸ்கில் இருந்து,
இருபத்தாறு நாளுக்கு முன்.

தாய் வந்திருந்தா.
றீற்றா. நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிற வேலை,
விரல் நுனியெல்லாம் கீறல்.
எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா.
லொறிக் கதவு திறந்ததில் இருந்து
நான் எண்ணத் தொடங்கினேன்.
இடையில் எழுப்பி வெளியே கூட்டிப்போய்
ஒரு சோடா வாங்கிக் குடுத்திருக்கலாம்.

விழுந்தான்.
மண்டபம் முழுக்க நீலம்.
முடியில் வெள்ளை, இமையில் வெள்ளை.
பின்வரிசையில் ஒருவர் ச்சா என்றார்.

அக்கா, அது உப்பு என்றேன்.
ஆனையிறவு உப்பு.

தெரியும் என்றா, திரையை விட்டுக் கண் எடுக்காமல்.
அண்டைக்கு விடிய வந்து அப்பிடியே படுத்தவன்.
தலாணி உறை மூண்டு தரம் தோய்ச்சனான்.

கொஞ்சம் பொறுத்து,
இனி எழும்பமாட்டானோ என்று கேட்டா.

மற்றவர்கள் போலந்துக்குள் நடந்துகொண்டிருந்தார்கள்.
ஒரு வீடு தெரிந்தது, ஒரு நாய் குலைத்தது,
யாரோ கதவைத் திறந்தார்கள்.
அவ திரையின் இடது மூலையையே
பார்த்துக்கொண்டிருந்தா,
படம் அந்த இடத்தை விட்டுப்போய்
வெகுநேரமான பிறகும்.